தையலுக்கு விட்ட அங்குலம்

முப்பத்தாறு வயதில் சிவில் இன்ஜினியரிங் படிக்கப் போனவளைத் தெரு சும்மா விடுமா? "இன்ஜினியரம்மா, எங்க வீட்டுச் சுவர்ல விரிசல், கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று ஒரே கிண்டல். அவளும் சளைத்தவள் இல்லை. "வர்றேன், ஃபீஸை எடுத்து வைங்க" என்பாள். பகலில் ஒரு கட்டட கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட், சாயங்காலம் கல்லூரி, நடுவில் சமையல், கணவர், ஒரு மகள். எப்படித்தான் தாக்குப்பிடித்தாளோ, நினைத்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது.

எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள், கட்டட வரைபடம் ஒன்றைத் தவிர. போன தடவை அதில்தான் கோட்டைவிட்டாள். இந்தத் தடவையும் போனால் ஒரு வருஷம் போச்சு. தேறினால் சைட்டில் ஜூனியர் இன்ஜினியராகப் போடுகிறேன் என்று முதலாளி சொன்ன வேலையும் போச்சு. அந்த மனிதர் யாருக்காகவும் காத்திருக்கிற ஆள் இல்லை.

அந்தத் தேர்வுக்காகக் குடியிருக்கும் வீட்டை அளந்து வரைந்து, திங்கட்கிழமை காலை ஒப்படைக்க வேண்டும். வெளிச்சுவரை மகளை வைத்துக்கொண்டு அளந்தாள். உள்ளே அளக்கக் கணவர் வந்தார். அவர் தையல்காரர், இருபது வருஷமாக டேப்பும் கையுமாக இருப்பவர். "அளவுதானே? என்கிட்ட விடு" என்று மார்தட்டினார். டேப்பின் நுனியை இவள் சுவரில் அழுத்திப் பிடிக்க, மறுமுனையில் அவர் பார்த்துச் சொல்லச் சொல்ல, இவள் எழுதிக்கொண்டாள்.

ஞாயிறு மத்தியானம் கூட்டிப் பார்த்தால் பகீரென்றது. முன்னறை, படுக்கையறை, சமையலறை மூன்றும் ஒரே வரிசை. மூன்றின் நீளத்தோடு சுவர்களின் கனத்தையும் சேர்த்தால் ஆறு அங்குலம் கூடுதல். வெளியே முப்பதடி இருக்கிற வீடு உள்ளே முப்பதரை அடி! திரும்பத் திரும்பக் கூட்டினாள். அந்த ஆறு அங்குலம் அசைந்து கொடுக்கவில்லை. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

"என்னங்க, சரியாப் பார்த்துத்தானே சொன்னீங்க?"

"பின்னே? ஒரு நூல் பிசகாது" என்றார் அவர். "தையலுக்கு விட்டதையும் சேர்த்துத்தான் சொன்னேன்."

"எதுக்கு விட்டது?"

"தையலுக்கும்மா. ரூமுக்கு ஒரு அங்குலம். அளவு குறைஞ்சு போச்சுன்னா அப்புறம் ஒட்டவா முடியும்?"

"ஐயோ, அது செங்கல் சுவருங்க! சட்டையா என்ன?"

மனிதர் திருதிருவென்று விழித்தார். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, கோபத்தில் கத்த வாயெடுத்தவளும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்த பிறகுதான் கணக்கு இடித்தது.

"மூணு ரூமுக்கு மூணு அங்குலம். மீதி மூணு எங்கேருந்து வந்துச்சு?"

"அதை விடு. வா, மறுபடி அளந்துடலாம்" என்று மழுப்பிவிட்டு டேப்பை எடுத்தார்.

இந்தத் தடவை டேப்பை அவளே பார்த்தாள். முன்னறையிலும் சமையலறையிலும் ஒவ்வொரு அங்குலம் குறைந்தது. படுக்கையறையில் நாலு அங்குலம் குறைந்தது! அங்கேதான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் அவளுடைய வரையும் மேசையைச் செருகி வைத்திருந்தார்கள். நாற்காலியைப் பின்னால் இழுக்க இடம் கிடையாது, வயிற்றை எக்கிக்கொண்டுதான் உட்காருவாள். ஏன் நாலு என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. எக்கிக்கொண்டு உட்கார்ந்து, பொழுது சாய்வதற்குள் முழுப் படத்தையும் மறுபடி வரைந்து முடித்தாள்.

திங்கட்கிழமை தேர்வாளர் உள்ளளவுகளைக் கூட்டி வெளியளவோடு ஒத்துப் பார்த்தார். அவர் விரல் கால்குலேட்டரில் ஓடஓட இவளும் மனசுக்குள் கூட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் தலையாட்டி, "பாஸ்" என்று கையெழுத்துப் போட்டார். முதலாளிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, நேரே கணவரின் கடைக்கு ஓடினாள்.

"பாஸ்ங்க!"

ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது. கண் கலங்கியது என்னவோ அவருக்குத்தான். ஆனால் அவள் விடுவதாக இல்லை.

"இப்ப சொல்லுங்க. மத்த ரூமுக்கு ஒரு அங்குலம், படுக்கையறைக்கு மட்டும் ஏன் நாலு?"

அவர் தைத்துக்கொண்டிருந்த துணியை நீவிவிட்டார். "வளர்ற பிள்ளைன்னா கொஞ்சம் கூடத்தான் விடுவேன்."

"நம்ம பொண்ணு படிக்கிறது, படுக்கிறது எல்லாம் முன்னறையிலதானே?"

"அவளை யாரு சொன்னா?" என்றார் அவர்.