மாதேவன் வழியாகப் போன பேச்சு

மாதேவனுக்கு மூன்று வயது முடிந்த பிறகும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. காது கேட்காதோ என்று பார்த்தால், அடுக்களையில் சர்க்கரை டப்பாவைத் திறக்கும் சத்தத்துக்கு வாசலிலிருந்து ஓடி வருகிறான். புத்தி மட்டோ என்று பார்த்தால், அப்பாவின் பேனாவை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு ஒன்றும் அறியாதவனைப் போல உட்கார்ந்திருக்கிறான். சிரிப்பான், அழுவான், கையைக் காட்டுவான். பேச மட்டும் மாட்டான். பெற்றவள் பொன்னம்மைக்கு மண்டை குழம்பிப் போயிற்று.

அவளுக்குக் குழப்பம் புதிதல்ல. அம்பாசமுத்திரத்தில் வாயாடி என்று பேரெடுத்தவள், கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்தாள். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் சந்துக்குள் வீடு. வந்த கையோடு பாதி ஊமையாகிவிட்டாள். புருஷன் தாணுலிங்கம் இரும்புக்கடையில் கணக்குப்பிள்ளை, பூர்வீகம் நாஞ்சில் நாடு. தான் பேசுவது சுத்தத் தமிழ் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வான். கேட்டால் பத்து வார்த்தையில் ஆறு மலையாளமாக இருக்கும். தெருவில் காய்கறிக்காரி என்ன கேட்டாலும் பொன்னம்மை தலையை ஆட்டிவிடுவாள். அப்படி ஆட்டித்தான் ஒருநாள் கூடை நிறையச் சேப்பங்கிழங்கு வந்து இறங்கியது. வீடே வாரக் கணக்கில் அதைத் தின்றது.

வீட்டுக்குள் இன்னொரு சங்கடம். மாமியார் காலமாகி வெகுநாளாயிற்று. இருந்தவர் மாமனார் கோலப்பபிள்ளை ஒருவர்தான். மருமகள் மாமனாரிடம் முகம் பார்த்துப் பேசக்கூடாது, மாமனாரும் மருமகளை நேரே கூப்பிடக்கூடாது. அந்தக் குடும்பத்தில் அதுதான் மரியாதை. அதனால் முதல் வருஷம் அவள் கதவிடம் பேசினாள். "காப்பி ஆறுது" என்று கதவிடம் சொல்வாள். கோலப்பபிள்ளை எழுந்து வருவார். மாதேவன் பிறந்ததும் கதவுக்கு விடுதலை கிடைத்தது. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு, "போத்திட்ட சொல்லு மக்கா, சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு" என்பாள். தாத்தாவை அந்த வீட்டில் போத்தி என்றுதான் சொல்வார்கள். மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும் போத்தி, "அம்மைட்டச் சொல்லுடே, கொஞ்சம் மோரும் வேணும்னு" என்பார். குழந்தை வாயைத் திறப்பதற்குள் மோர் வந்துவிடும். இரண்டு பேருக்கும் சௌகரியமாக இருந்தது. மரியாதையும் கெடவில்லை, வேலையும் நிற்கவில்லை.

பிள்ளை பேசவில்லை என்றதும் ஊரே பேசியது. பின்வீட்டுச் சரசம்மா வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொன்னாள். தடவினார்கள், முகத்தைச் சுளித்தான். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். சிதறிய ஓட்டைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தான். கடைசியில் கோட்டைக்குள்ளிருந்த ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். அவர் வாயைப் பார்த்தார், காதைப் பார்த்தார், பிறகு வீட்டில் என்ன பாஷை என்று கேட்டார். தாணுலிங்கமும் பொன்னம்மையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையிலேயே டாக்டருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"கொழந்தைக்கு கன்ஃபியூஷன். ஒரு பாஷை போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எந்தப் பாஷை என்று அவர் சொல்லவில்லை. தமிழ் பேசும் தென் தாலுகாக்கள் மதராஸோடு சேருமா, திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்திலேயே இருக்குமா என்று தெருவெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. அந்தச் சண்டை அன்று இவர்கள் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது.

"தமிழுதான் பேசணும். எனக்க பேரன் எனக்க பாஷையை விட்டுட்டு என்னத்தப் பேசுவான்?" என்றார் கோலப்பபிள்ளை.

"நாளைக்கு ஸ்கூல்ல சேக்கண்டாமா? ஆபீஸ்ல ஜோலிக்கு போகண்டாமா? இங்க இருந்துட்டு மலையாளம் இல்லாம எப்படிப்பா ஜீவிக்கது?" என்றான் தாணுலிங்கம்.

பொன்னம்மையை யாரும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மலையாளம் என்று தீர்மானமாகிவிட்டது; கோலப்பபிள்ளையின் வாய்த் தமிழை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. தாணுலிங்கம் அவளிடம் வந்து, "நீ இனி அவன்ட்ட தமிழ் பேசாண்டாம், கேட்டியா? அறிஞ்ச மலையாளத்தைப் பேசு, தப்பா வந்தாலும் சாரமில்ல" என்றான்.

அவள் அறிந்த மலையாளம் சேப்பங்கிழங்கோடு தீர்ந்துபோனது. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது கண்ணே என்று வாய்வரை வரும், நிறுத்திக்கொள்வாள். அதற்கு மலையாளத்தில் என்ன என்று யோசிப்பதற்குள் பிள்ளை துண்டை உருவிக்கொண்டு ஓடிவிடுவான். எது தமிழ், எது மலையாளம் என்பதே போகப் போக அவளுக்குப் பிடிபடவில்லை. வெயில் என்றால் எந்தப் பாஷை? கஞ்சி? குடை? தான் ஏதோ சொல்லப்போய்ப் பிள்ளையின் நாக்கு நிரந்தரமாகக் கட்டிக்கொண்டுவிடுமோ என்று பயந்தாள். அந்தப் பயத்தில் அவனிடம் பேசுவதையே விட்டுவிட்டாள். அவளுக்கு அழுகையாக வந்தது. ஒரு வீட்டில் ஒரு ஊமை போதாதென்று இப்போது இரண்டு.

அவள் வாயடைத்ததும் கோலப்பபிள்ளைக்குக் கைகால் ஓடவில்லை. "அம்மைட்டச் சொல்லுடே" என்று இவர் பக்கத்திலிருந்து பேச்சு போகும். "போத்திட்ட சொல்லு" என்று அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் வராது. காப்பி மட்டும் சத்தமில்லாமல் வரும். மாதேவன் நடுவில் உட்கார்ந்து இந்த முகத்தையும் அந்த முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான்.

ஒருநாள் காலையில் பொன்னம்மை பின்வாசல் கிணற்றடிக்குப் போயிருந்தாள். பிள்ளையைக் கொஞ்சுவதற்கு நாலு மலையாள வார்த்தை சரசம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று யோசனை. சரசம்மா சொல்லச் சொல்ல இவள் திருப்பிச் சொன்னாள். கொஞ்சலாகவே வரவில்லை, மந்திரம் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. சரசம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மருமகள் வெளியே போனது கோலப்பபிள்ளைக்குத் தெரியாது. முன்கட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தவர், வழக்கம்போல, "மக்கா, அம்மைட்டச் சொல்லு, வெந்நி கொண்டாரச் சொல்லு" என்றார். வரவில்லை. மறுபடியும் சொன்னார்.

மாதேவன் அடுக்களையை எட்டிப் பார்த்தான். அம்மா இல்லை. பின்வாசல் படியில் உட்கார்ந்து இறங்கி, கிணற்றடிக்கு வந்து, அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"அம்மைட்டச் சொல்லு" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெந்நி" என்றான்.

சரசம்மாவின் கையிலிருந்த வாளி கிணற்றுக்குள் போய் விழுந்தது. "என்டம்மோ, மிண்டியல்லோ! குட்டி மிண்டி!" என்று பிள்ளை பேசிவிட்டதைத் தெருவுக்கே கேட்கும்படி கூவினாள். பொன்னம்மை சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் அவனைத் தூக்கி இறுக்கிக்கொண்டாள். அப்புறம்தான் உறைத்தது. இத்தனை நாளும் அவனிடம் சொன்னதெல்லாம் அடுத்தவருக்குச் சொன்னது. அவன் சொல்வதற்குள் அடுத்தவர் கேட்டாயிற்று. இன்றைக்குத்தான் அவன் சொன்னால் ஒழிய வெந்நீர் வராது என்று ஆயிற்று.

ஆத்திரம் யார்மேல் என்று அவளுக்கே புரியவில்லை. டாக்டர்மேலா, புருஷன்மேலா, தன்மேலேயா? பிள்ளையை இடுப்பில் வைத்தபடி முன்கட்டுக்குப் போய் மாமனாரின் எதிரே நின்றாள். வந்த நாளிலிருந்து அவர் முகத்தை அவள் நேராகப் பார்த்ததில்லை. இடது புருவத்தில் ஒரு தழும்பு இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மாமா, வெந்நி இன்னும் சுடலை. இனிமே எங்கிட்டச் சொல்ல வேண்டியதை எங்கிட்டயே சொல்லுங்க. நானும் உங்ககிட்டயே சொல்லுதேன். இவனைப் பேசவிடுவோம்."

கோலப்பபிள்ளைக்கு எண்ணெய் கண்ணில் இறங்கியது. என்ன செய்வதென்று அறியாமல் பிள்ளையைப் பார்த்து, "மக்கா, அம்மைட்டச் சொல்லு..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பொன்னம்மை மகனைக் கீழே இறக்கிவிட்டு முன்னால் உட்கார்ந்தாள். "உனக்கு என்னல வேணும், எங்கண்ணு?" என்று அம்பாசமுத்திரத் தமிழிலேயே கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். உள்ளே சோறு பொங்கி அடுப்பில் வழிகிற வாடை வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. பிள்ளை போத்தியைப் பார்த்தான். போத்தி ஏதோ சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தார். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த வீட்டில் முதல்தடவையாக, அவன் பேசுவதற்காக இரண்டு பேர் சும்மா இருந்தார்கள்.

"கதலி" என்றான் மாதேவன், கொடியில் தொங்கிய வாழைப்பழச் சீப்பைப் பார்த்து.

கடையிலிருந்து தாணுலிங்கம் வந்தபோது வாசலிலேயே சரசம்மா சேதியைச் சொல்லிவிட்டாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தான்.

"என்ன கேட்டான்? எந்தப் பாஷையில கேட்டான்?"

பொன்னம்மை யோசித்துப் பார்த்தாள். கதலி தமிழா, மலையாளமா? நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

"எங்கிட்டக் கேட்டான்" என்றாள்.