விரலில் எண்ணிய சத்தம்

அதான் புள்ள, கண்டி டவுன்ல புதுசா கட்டுன கல்யாண மண்டபத்துல யாரு பேசுனாலும் ஒண்ணும் வெளங்கலன்னு நம்ம பேரனக் கூப்புட்டுருக்காங்க. அவன் நடுவுல நின்னு ஒரு பலூன வெடிச்சானாம். சத்தம் அடங்க எத்தன செக்கன்னு மிசின் சொல்லுமாம். கர்ட்டன் போடுங்க, மெத்த வச்ச கதிரை போடுங்கன்னுட்டு வந்துட்டான். இதுக்கு ஒரு படிப்பு வேற. நான் ஏழு வயசுலயே அளந்தவ, கைவெரல வச்சு.

ஹேவாஹெட்ட தேயிலத் தோட்டத்துல, வரிசையா ஒட்டிக் கட்டுன லயத்து வீடுகள்ல, எங்களுக்கு மேல் லயத்துல சித்தி இருந்துச்சு. அம்மாவுக்குக் கூடப்பொறந்தது அது ஒண்ணுதான். சித்தப்பாவுக்குக் குடும்பத்தோட இந்தியாவுக்கே திரும்பிப் போகச் சொல்லி கவர்மெண்டு கடுதாசி வந்துருச்சு. "நீ போனா பஸ்ஸுக்கு முன்னால படுத்துருவேன்டி"ன்னுச்சு அம்மா. படுக்கும், அப்பிடி ஆளு. பொங்கல் முடியட்டும்க்கான்னு சித்தி சமாளிச்சிருச்சு.

அம்மா கொழுந்தெடுக்கப் போனதும் நான் சித்தியோட ஒத்த ரூம்பு காம்பராவுக்கு ஓடிருவேன். வாசல்ல நின்னு கூன்னு கத்துவேன். மொதல்ல ஒரு வெரல மடக்குறதுக்குள்ள சத்தம் அடங்கிரும். கட்டில வித்தாங்க, ரெண்டு வெரலாச்சு. மூட்டை முடிச்செல்லாம் போச்சு, மூணு. "சாமான் விக்கிறத அம்மாகிட்ட சொல்லிறாத கண்ணு"ன்னு சித்தி உள்ளங்கையில சீனி வச்சுச்சு. கூப்பன் கடை சீனி, பாதி எறும்பு. அதையும் தின்னேன். காம்பராவுக்குத் தொண்ட வளருதுன்னு எனக்கு ஒரே சந்தோசம்.

ஒருநா போனா யாருமில்ல, கதவு தெறந்து கெடக்கு. கூன்னேன். அஞ்சு வெரலு.

அந்தியில அம்மா வந்ததும், சாமானப்பத்தி மூச்சு விடல, வாக்குக் குடுத்தேன்ல. சித்தி காம்பரா இன்னைக்கு அஞ்சு வெரலும்மான்னு மட்டும் சொன்னேன். வெறும் வீடுதான் அப்பிடிக் கூவும்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. கூடையப் போட்டுட்டு மேல் லயத்துக்கு ஓடுச்சு. நானும் பின்னாலயே ஓடுனேன்.

வாசல்ல நின்னு "தங்கச்சி"ன்னு ஒரே ஒருக்கா கூப்புட்டுச்சு. அம்மாவுக்குப் பெரிய தொண்ட, ஆறாவது வெரலுக்குப் போயிருச்சு. நான் குதிக்கிறேன். சரியா எண்ணலம்மா, இன்னொருக்கா கூப்புடுன்னு சீலையப் புடிச்சு இழுத்தேன்.

கூப்புடல. எவ்வளவு கெஞ்சுனேன் தெரியுமா. வாயத் தெறந்து தெறந்து மூடுச்சே ஒழிய, கூப்புடவே இல்ல. ஒரு தடவ கூப்புட்டா என்ன கொறஞ்சிரும்னு எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு புள்ள...

அட இரு, தூறல் போடுது. கொடியில துணி கெடக்கு.