சாயம் போகாத காராமணி

மாடு வளர்ப்பவர்களுக்குத் தீவனக் காராமணி விதை கொடுப்பது என் தொழில். பதினெட்டு மாதமாக மூட்டையில் இருந்த விதை இன்னும் முளைக்குமா, பூஞ்சணக்கொல்லி கலந்தது தேறுமா, கலக்காதது தேறுமா என்று தெரியாமல் விற்க மனம் வரவில்லை. ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை, இரண்டிலும் ஒவ்வொரு கிலோ எடுத்துக்கொண்டு அடையாறில் உள்ள விதைப் பரிசோதனைக்கூடத்துக்குக் கிளம்பினேன்.

செங்கல்பட்டில் காலை 8.10 ரயில். மாம்பலத்துக்கு ஒன்றேகால் மணி நேரம், பதினைந்து ரூபாய். உட்கார இடமில்லை. அங்கிருந்து அடையாறுக்கு ஆட்டோ, ஏழு கிலோமீட்டர், இருநூறு ரூபாய். தி.நகர் நெரிசலில் ஓட்டுநர், "இன்னா மேடம், பொட்டலத்துல?" என்றார். "காராமணி" என்றேன். அதற்குமேல் பேசத் தெம்பில்லை.

இரண்டு மணி நேரம் காத்திருந்து, என் முறை வந்ததும் பையைத் திறந்தால் ஒரு பொட்டலம்தான் இருந்தது. மருந்து கலந்து அடையாளத்துக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிய விதை ஆட்டோவிலேயே தங்கிவிட்டது. அதன்மேல் வெறும் எண்தான் எழுதியிருந்தேன்.

மருந்து கலக்காததை மட்டும் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஆட்டோவுக்குப் பணம் அனுப்பிய எண் போனில் இருந்தது. நாலாவது முறை ஓட்டுநரின் மனைவி எடுத்தார்; பொட்டலம் அவர் கைக்குப் போய்விட்டிருந்தது. வீடு சிந்தாதிரிப்பேட்டை.

"சுண்டலுக்கு ஊறப் போட்டுட்டேன்க்கா. மூணு தண்ணி மாத்தியும் சாயம் போய்க்கினே கீது."

"அது விஷமருந்தும்மா. யாரும் தொடாதீங்க."

"அப்போ மாடில புறாவுக்குப் போட்டுர்றேன்."

புறாவுக்கும் வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டு ஊர் திரும்ப முடியவில்லை. கஸ்தூரிபாய் நகரில் பறக்கும் ரயில் ஏறினேன். ஐந்து ரூபாய், அரை மணி நேரம்.

பாத்திரம் வாசலில் இருந்தது. அந்தப் பெண் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவும்வரை நின்றேன். விதையையும் பாத்திரத்தையும் கட்டி வாங்கிக்கொண்டு, தெருமுனைக் கடையில் புதுப் பாத்திரம் வாங்கிக் கொடுத்தேன்.

"மருந்துன்னு எய்தி வைக்கக் கூடாதா? ரெண்டு கொயந்தைங்க துன்னுற வூடு இது" என்றார். பக்கத்தில் நின்ற ஓட்டுநர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் கேட்டேனே மேடம்" என்றார், மெதுவாக.

எட்டு நாளில் முடிவு வந்தது. மருந்து கலக்காத விதையில் பாதிக்குமேல் பூஞ்சணம் பிடித்து அழுகியிருந்தது. மூட்டையில் மிச்சமிருந்த சிவப்பு விதையை மறுபடி கொண்டுபோய்க் கொடுத்தேன், பெரும்பாலும் முளைத்துவிட்டது.

விதையோடு போகிறவர்கள் ஒன்பது மணி நெரிசலைத் தவிருங்கள். மருந்து கலந்த பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 'விஷம், தின்னக்கூடாது' என்று பெரிதாக எழுதுங்கள். யாராவது கேட்டால், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும், முழுதாகச் சொல்லுங்கள்.

இந்த வருடம் விற்கப்போவது சிவப்பு விதையைத்தான். எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளும் உண்டு. ஒவ்வொரு வாசலிலும் நின்று, அடுப்படியில் இருப்பவரை வெளியே அழைத்து, சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.