ஜெஸ்டினின் மூச்சு

நேசக்குமார் துறைமுகச் சாலையில் ஓர் எடைமேடையில் வேலை பார்க்கிறார். பகல் முழுவதும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல். வீட்டுக்கு வந்தால் மாடியறைக்குப் போய்விடுவார். அங்கே இரண்டு பழைய சிந்தசைசர்கள் இருக்கின்றன, கலைந்துபோன ஒரு மெல்லிசைக் குழுவிடம் வாங்கியவை. இப்போதைய கீபோர்டு மாதிரி பொத்தானை அழுத்தினால் ட்ரம்பெட் சத்தம் வந்துவிடாது. குமிழ்களைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு ஒலியையும் நாமேதான் உண்டாக்க வேண்டும்.

அவர் உண்டாக்க நினைத்தது நூறு வருடத்துக்கு முந்தைய ஜாஸ் குழுக்களின் ஒலியை.

"நம்ம திருவிழா பேண்ட் செட்டு மாதிரிதான். என்ன, அவனுவ கொஞ்சம் சேட்டை பண்ணி வாசிப்பானுவ" என்பார்.

கிளாரினெட் சரியாக வந்துவிட்டது. ட்ரம்பெட்தான் வரவில்லை. சத்தம் சுத்தமாக இருந்தது, ஆனால் மனிதன் ஊதுகிற மாதிரி இல்லை. அதனால் நண்பர் ஜெஸ்டினை வாசிக்கச் சொல்லி செல்போனில் பதிவு செய்தார். ஜெஸ்டின் லாரி பட்டறையில் பெயிண்ட் அடிப்பவர். திருவிழாவில் மாதா சப்பரத்துக்கு முன்னால், பேண்டின் முதல் வரிசையில் ட்ரம்பெட்டோடு நிற்பவர். அந்த இடத்துக்காகவே வருடம் முழுவதும் காத்திருப்பவர்.

பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது, ஒவ்வொரு வரியின் முடிவிலும் கரகரவென்று ஒரு மூச்சு கேட்டது. நேசக்குமார் அதையும் அப்படியே சிந்தசைசரில் உண்டாக்கினார். உடனே ட்ரம்பெட்டுக்கு உயிர் வந்துவிட்டது.

சந்தோஷம் தாங்காமல், ஜெஸ்டினையும் பேண்ட் செட் தலைவர் ஆறுமுகநயினார் அண்ணாச்சியையும் வீட்டுக்குக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்.

அண்ணாச்சி தொடையில் தட்டிச் சிரித்தார். "ஏலே, இது நம்ம ஜெஸ்டின்லா! பெட்டிக்குள்ள எப்படிலே போனான்?"

கொஞ்ச நேரத்தில் அவர் சிரிப்பு நின்றது.

"இன்னொருக்க வாசி. வரிக்கு வரி மூச்சு வாங்குதே. ஜெஸ்டின், ஒனக்கு இளைக்கா?"

"இல்ல அண்ணாச்சி. தண்ணி வடிக்க நிப்பாட்டுவேன்லா, அதான்."

ட்ரம்பெட்டுக்குள் சேரும் எச்சில் நீரை வடிக்க எல்லாரும் இடையில் நிறுத்துவார்கள். ஜெஸ்டின் அடிக்கடி நிறுத்துவார். அப்போது அவர் மூச்சு வாங்குவதை டிரம் சத்தத்தில் யாரும் கவனித்ததில்லை.

"மிஷினுக்கு எச்சி ஊறுமாலே? இதுல கேக்கது மூச்சுலா" என்றார் அண்ணாச்சி. "ஆஸ்பத்திரில காட்டிட்டு வா. அதுவரைக்கும் ட்ரம்பெட்டைத் தொடாத. இந்தத் திருவிழாவுக்குப் பின்னால நின்னு சிம்பல் அடி."

ஜெஸ்டின் படியிறங்கிப் போனார்.

மறுநாள் நேசக்குமார் பட்டறைக்குப் போனார். ஜெஸ்டின் முகத்தில் கட்டிய துண்டை அவிழ்க்காமல் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்.

"தெரியாமப் பண்ணிட்டேன்டே."

"தெரியாமலா? ஒரு மாசமா அதத்தானே கேட்டுக்கிட்டு இருந்த."

"எத்தன நாளா இப்படி இளைக்கி?"

"இப்பதான் கேக்கத் தோணுச்சாக்கும்?" ஜெஸ்டின் துண்டை இறக்கினார். "என் இளைப்பு ஒனக்கு நல்லா இருந்துச்சு, என்னா?"

நேசக்குமாருக்கு அது நல்லாத்தான் இருந்தது. அது நோயாக இருக்கலாம் என்று ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றவில்லை.

"வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். ஜெஸ்டின் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அவர் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டார்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை ஜெஸ்டினின் முதுகில் வைத்து, "நல்லா இழுத்து விடுங்க" என்றார். ஜெஸ்டின் இழுத்து விட்டார். முடிவில் அதே கரகரப்பு, பதிவில் இருந்ததைவிட நீளமாக.

பக்கத்தில் நின்ற நேசக்குமாரின் விரல்கள், இந்த நீளத்துக்கு எந்தக் குமிழை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று தாமாகவே கணக்குப் போட்டன. அவர் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றார்.