கட்டைவிரலுக்கு வந்த மரியாதை

ஒருத்தனுடைய கட்டைவிரலுக்காக ஊரே கூடி ஒப்பாரி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள், ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். அந்த விரலைக் கடித்த பெண் எங்கள் வீட்டு உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அவளுக்கு ஒரு செம்பு தண்ணி மோந்து கொடுக்க ஒருத்தி வரவில்லை.

அவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி. நான் திண்டுக்கல் டவுனில் பிறந்து வளர்ந்தவள். சாணார்பட்டிக்குப் பக்கத்தில், தக்காளியும் மல்லிகையும் போடுகிற சம்சாரி வீட்டுக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அறுபதுகள் பிறந்திருந்த சமயம். என் கழுத்தில் முதல் முடிச்சை என் வீட்டுக்காரர் போட்டார். மீதி ரெண்டு முடிச்சை, முறைப்படி, இந்த நாத்தனார்தான் போட்டாள். போட்டுவிட்டுக் காதோரமாகக் குனிந்து, "கழுத்து இறுக்குதா மதினி?" என்று கேட்டாள். அம்புட்டுக் கூட்டத்தில் அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டவள் அவள் ஒருத்திதான்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு டவுனில் டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தாள். காலை பஸ்ஸில் போவாள், சாயங்கால பஸ்ஸில் திரும்புவாள். மாமனார் இல்லாத வீடு அது. அதனால் என் மாமியாருடைய அண்ணன், பக்கத்து ஊர்க்காரர், அவர் சொல்வதுதான் எங்கள் வீட்டில் சட்டம். அவர் மகன்தான் என் நாத்தனாருக்கு முறை மாப்பிள்ளை. எங்கள் பக்கம் அத்தை மகள் என்றால் மாமன் மகனுக்கு உரிமை. தொட்டிலில் கிடக்கும்போதே "இவ உனக்குத்தாண்டா" என்று காட்டிவிடுவார்கள். ஏதோ வாங்கிப்போட்ட காணி மாதிரி. இவனோ ஒன்பதாங்கிளாஸோடு நின்றுவிட்டுச் சீட்டு விளையாடிக்கொண்டு திரிந்த தறுதலை. நான் டீச்சராகணும், அவருக்கு எந்தக் காலத்திலும் கழுத்தை நீட்ட மாட்டேன் என்று அவள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். மாமியார் வாயில் அடித்துக்கொண்டார்.

அப்புறம் ஒருநாள் காலையில், பஸ் நிற்கிற புளியமரத்தடியில் ஒரு பிளசர் கார் வந்து நின்றது. இவள் ஏறினாள். ஏறின வேகத்தில் கார் டவுன் பக்கம் போகாமல் சிறுமலை அடிவாரத்துப் பாதையில் திரும்பிவிட்டது. தோட்டத்தில் பூ எடுத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் இவள் அலறிய சத்தம் கேட்டு, மடியில் இருந்த பூ சிந்த ஓடிவந்து சொன்னார்கள்.

செத்த நேரத்தில் ஊர் திரண்டுவிட்டது. பிள்ளை பிடிக்கிற கூட்டம் என்றான் ஒருத்தன். லாரிக்காரன் வேலை என்றான் இன்னொருத்தன். டவுனில் பேகம்பூர்ப் பாய்மாராகத்தான் இருக்கும் என்று ஒருத்தன் நாக்குக் கூசாமல் சொன்னான், பத்துப் பேர் தலையாட்டினார்கள். ஓட்டில் செருகியிருந்த அருவாளெல்லாம் கீழே இறங்கின. தூக்கினவன் எவனாக இருந்தாலும் கையை வெட்டிக் கருப்பசாமி கோயிலில் போடாமல் விடுவதில்லை என்று வீராப்பு. டீக்கடையில் பெரிய பட்டிமன்றமே நடந்தது. பொட்டப்பிள்ளைகளுக்கும் சிலம்பம் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஒரு கட்சி. மடியில் மிளகாய்ப்பொடி முடிந்து அனுப்பினால் போதும் என்று ஒரு கட்சி. கையும் காலும் இருக்கிறதே, பிராண்டக் கூடாதா, கடித்துத் துப்பக் கூடாதா, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரோஷமே இல்லை என்று ஒரு பெரியவர் அடித்துப் பேசினார். அவர் பேசினதை நான் மறக்கவே இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு குதிரை வண்டி வந்து எங்கள் வாசலில் நின்றது. உறவில் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்த பேகம்பூர்த் தோல் வியாபாரி ஒருத்தரும் அவர் சம்சாரமும் அதில் இருந்தார்கள். நடுவில் என் நாத்தனார். ஜாக்கெட்டும் தாவணியும் கிழிந்துபோயிருந்ததால் அந்தம்மா தன் வெள்ளைத் துப்பட்டியைக் கழற்றி இவளுக்குப் போர்த்தியிருந்தார். தலைவிரிகோலமாய் ரோட்டில் ஓடிவந்தவளைப் பார்த்து வண்டியை நிறுத்தி ஏற்றி வந்ததாகச் சொன்னார். தண்ணிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். காலையில் பேகம்பூர் என்று சொன்னவன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். தலையைச் சொறிந்தான். அதோடு சரி.

நடந்ததை அவள் வாசலில் நின்றே சொன்னாள். காரின் பின்சீட்டில் அவனுடைய அக்கா உட்கார்ந்திருந்திருக்கிறாள். சொந்த மாமன் மகள், இடுப்பில் வைத்து இவளை வளர்த்தவள். "டவுனுக்குத்தான் போறேன், ஏறுத்தா, இறக்கி விடுறேன்" என்று கூப்பிட்டிருக்கிறாள். அக்கா இருக்கிறாளே என்று இவள் ஏறிவிட்டாள். முன்சீட்டில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இருந்தவன் அவன் என்று கார் திரும்பின பிறகுதான் தெரிந்தது. அடிவாரத்து அம்மன் கோயிலில் அக்காக்காரி பின்னாலிருந்து இவள் ரெண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தம்பி ஒரு முடிச்சுப் போட்டதும் மீதி ரெண்டைத் தான் போட வேண்டும் என்றுதான் அவள் கூடவே போனது. கடத்தலிலும் முறை தவறவில்லை பாருங்கள். அவன் மஞ்சள் கயிற்றோடு முன்னால் வந்து கழுத்தைச் சுற்றிக் கையைக் கொண்டுபோனபோது வலதுகைக் கட்டைவிரல் இவள் வாய்க்கு நேரே வந்தது. கடித்தாள். எலும்பு பல்லில் தட்டுகிற வரை கடித்தாள். அவன் அலறியதில் அக்காக்காரி பிடியை விட, இவள் ஓடிவந்துவிட்டாள்.

இதைக் கேட்டதும் ஊர் கொதித்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கூட்டத்தில் ஒருத்தர் பெருமூச்சு விட்டு, "அட, மாமன் மகன்தானா" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் இறங்கிவிட்டது. ரெண்டு பேர் சிரித்தே விட்டார்கள். சின்னஞ்சிறுசுக, ஆசைப்பட்டுத் தூக்கிட்டுப் போயிட்டான் என்றார்கள். என் கண்ணு முன்னால் அந்த அருவாளெல்லாம் ஒவ்வொன்றாக ஓட்டுக்குத் திரும்பிப் போயின. சீ, இதுவும் ஒரு ஊரா என்று எனக்கு அப்போதே வெறுத்துவிட்டது.

என் வீட்டுக்காரர் மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனார். முறைப்பையன் மேல் கேஸா, உங்க அப்பாரு காலத்தில் இதெல்லாம் நடக்கலையா, கார்ல ஏறினது பொண்ணாத்தானே, பேசி முடிச்சுக்கங்க அப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார் ஏட்டு. என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். மாமியார் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். அண்ணன் மகன் மேல் கேஸ் போட்டால் எனக்குப் பிறந்த வீடு ஏது, நாளைக்கு நான் செத்தால் கோடித்துணி எடுத்துவர யார் இருக்கா என்று அழுகை. பெற்ற மகள் உள்ளே கிடக்கிறாள், இவருக்குக் கோடித்துணிக் கவலை. கேஸ் அத்தோடு நின்றது.

அந்தப் பிள்ளையால் சாப்பிட முடியவில்லை. வெஞ்சனம் என்ன வைத்தாலும் இறங்கவில்லை. உப்புத் தண்ணியை வாயில் ஊற்றிக் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். ஈறு புண்ணாகிவிடும் போதும் என்று நான் செம்பைப் பிடுங்கினால், "அவன் ருசி போக மாட்டேங்குது மதினி" என்பாள். நான் புளியைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தேன், கிராம்பு கொடுத்துப் பார்த்தேன். அதுவெல்லாம் போகிற ருசியா.

அங்கே அவன் விரலில் சீழ் வைத்துவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்கப்புறம்தான் நான் முதலில் சொன்ன கூத்து. ஊரே பஸ் ஏறிப் போய் விரலைப் பார்த்தது. மாமியாரும் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனார். திரும்பி வந்தவர்கள் வழியில் எங்கள் வீட்டில் ஏறி, விரல் இம்புட்டு வீங்கிப்போச்சு என்று கையால் காட்டிவிட்டுப் போவார்கள். முள்ளு மேல சேலை விழுந்தாலும் சேலை மேல முள்ளு விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான் என்று ஆளாளுக்கு ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவன் கையில் கிடைத்தால் அவனை முள்ளிலேயே புரட்டி எடுத்திருப்பேன். கடித்துத் துப்பக் கூடாதா என்று டீக்கடையில் கேட்ட அதே பெரியவர், தாலி எடுத்த கையைக் கடிக்கிறதெல்லாம் நாய்க் குணம் என்றார். அன்றைக்கு நீங்கதானே சொன்னீக என்று நான் கேட்டேன். "அது வேறத்தா, வேத்தாளைச் சொன்னேன்" என்றார்.

அந்த வாரமே டவுனில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் என்னை ஒரு மாதர் சங்கக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பெண்களின் தற்காப்பைப் பற்றி ஒரு பெரிய மனிதர் பேசினார், கழுத்தில் சரிகைத் துண்டு, கையில் மோதிரம். அடிவாரத்துக் கடத்தல் சேதி டவுன் வரைக்கும் வந்திருந்தது. யார், எவர் என்று அவருக்குத் தெரியாது. பெண்கள் கொண்டை ஊசி வைத்துக்கொள்ள வேண்டும், சின்னக் கத்தி வைத்துக்கொள்வதில்கூடத் தப்பில்லை, ஒன்றுமில்லாவிட்டாலும் பல்லும் நகமும் ஆண்டவன் கொடுத்த ஆயுதம் என்று முழங்கினார். கைதட்டினார்கள். நான் எழுந்து, அந்தப் பெண் அப்படியே கடித்துத்தான் தப்பித்தாள், அவன் தாலி கட்ட வந்தபோது விரலைக் கடித்தாள் என்று சொன்னேன். அவர் முகம் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. தாலி கட்டும்போதா, அது வேறம்மா, அது குடும்ப விவகாரம் என்று சொல்லிவிட்டுச் சோடாவைக் குடித்தார். என் அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். டவுனுக்கும் பட்டிக்காட்டுக்கும் சோடாதான் வித்தியாசம்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் எங்கள் ஊர்ச் சாவடியில் பஞ்சாயத்துக் கூட்டினார்கள். கடத்தினதைப் பற்றிப் பஞ்சாயத்து என்று நினைத்துவிட வேண்டாம். முடிச்சு விழுந்ததா இல்லையா, அதுதான் வழக்கு. கடிக்கிறதுக்கு முந்தியே தம்பி ஒரு முடிச்சுப் போட்டுவிட்டான் என்று அக்காக்காரி கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தாள். ஒரு முடிச்சு விழுந்தால் அவள் அவன் பொண்டாட்டி. டிரெய்னிங் எல்லாம் மூட்டைகட்ட வேண்டியதுதான், அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு முடிச்சு போதுமா, மூன்றும் வேண்டுமா, பாதி முடிச்சை என்ன கணக்கில் சேர்ப்பது என்று நரைத்த தலைகள் வெத்தலையை மென்றுகொண்டு வாதாடின. கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்தது. கடைசியில் பெரிய தலைக்கட்டுக்காரர் ஒருத்தர், விழுந்துச்சோ விழலையோ, மஞ்சக்கயிறு கழுத்தில் பட்டாச்சு, துப்பட்டியைப் போர்த்திக்கிட்டு வந்தவளை இனி வேற எவன் கட்டுவான், மீதி முடிச்சையும் போட்டு முடித்துவிடலாம் என்று தீர்ப்புச் சொன்னார். என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

பொம்பளைகள் நின்ற பக்கத்திலிருந்து என் நாத்தனார் நடந்து முன்னால் போனாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, அந்தக் கை ஆறலைன்னா பரவாயில்லை," என்றாள். "அடுத்த கைய நீட்டச் சொல்லுங்க."

அவன் சட்டென்று நல்ல கையை எடுத்துக் கக்கத்தில் செருகிக்கொண்டான். அவ்வளவு பேர் முன்னால். பூ எடுக்கிற பொம்பளை ஒருத்தி பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். மாமன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். இந்தக் கடிநாயை என் வீட்டில் கட்டிவைக்க எனக்கென்ன தலையெழுத்தா என்று சொல்லிவிட்டு மகனை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் அவள் தப்பித்தாள். அவள் வேண்டாம் என்று சொன்னது கடைசி வரைக்கும் ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்து அவளைப் பின்னால் உட்காரவைத்து டிரெய்னிங் ஸ்கூல் வரை மிதித்துக்கொண்டு போனார். மாமியார் ஒரு வருஷம் மகளோடு பேசவில்லை.

அவள் டீச்சராகி, பழனி பக்கம் தொப்பம்பட்டியை ஒட்டின ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஏனுங்க டீச்சர் என்று அந்த ஊர் ஜனங்கள் மரியாதையாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் வருகிற சம்பந்தமெல்லாம் எங்கள் ஊர் டீக்கடை வரை வந்து விசாரித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடும். எங்கள் ஊரில் அவளுக்குக் கடிச்சவ என்றுதான் பேர்.

சில வருஷம் கழித்து அவனுக்குக் கல்யாணம். மாமியார் என்னை இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். நகம் போய்க் கோணிக்கிடந்த அந்தக் கட்டைவிரலால் அவனுக்குக் கயிற்றைப் பிடிக்க முடியவில்லை. ரெண்டு தடவை நழுவவிட்டான். அக்காக்காரி அவன் கையிலிருந்து கயிற்றை வாங்கி மூன்று முடிச்சையும் தானே போட்டுவிட்டாள். ஒரு முடிச்சா மூணு முடிச்சா என்று சாவடியில் வாதாடின அத்தனை நரைத்த தலைகளும் அங்கே இருந்தன. ஒருத்தராவது இந்தத் தாலி செல்லுமா என்று கேட்க வேண்டுமே. பாவம், நல்ல கை, பாவி கடிச்சுப்புட்டா என்று அரிசியைத் தூவினார்கள். நான் பந்தியில் உட்காரவில்லை. கை நனைக்காமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

லீவுக்கு வந்திருந்த என் நாத்தனார் அடுப்படியில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"பொண்ணுக்குப் பல்லு நல்லா இருக்கா மதினி?"

அந்தப் பிள்ளை குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை, நான் எப்படிப் பார்ப்பது என்றேன்.