குளோரின் அக்காவின் சுவர்

உங்கள் வீட்டில் உங்கள் அம்மாவுக்காக, அல்லது மனைவிக்காக, அவருக்காக மட்டுமே வாங்கிய பொருள் ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம். மிக்ஸி கணக்கில் வராது; அதில் அரைத்ததை நீங்களும்தான் தின்றீர்கள். துவைக்கிற இயந்திரமும் வராது. அதில் அதிகம் சுற்றுவது உங்கள் சட்டை. நகை என்று சொல்ல வாயெடுக்காதீர்கள், அவசரத்துக்கு அடகுக்கடைக்குப் போவது எது என்று எனக்குத் தெரியும். நிதானமாக யோசியுங்கள். நீங்கள் யோசித்து முடிப்பதற்குள் குளோரின் அக்காவின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு நகராட்சி நீச்சல் குளத்தில் பராமரிப்பு வேலை. காலையில் வலையால் இலை அரிக்க வேண்டும், ஓடுகளின் இடுக்கைத் தேய்க்க வேண்டும், சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்துக் குளோரின் போட வேண்டும். ஒரே வரியில் சொன்னால், தண்ணீரில் எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது, அதுதான் வேலை. அதில் அவர் கெட்டிக்காரர். ஊரில் பாதிப் பிள்ளைகள் அவர் கண் முன்னால்தான் நீந்தக் கற்றார்கள். ஆனால் அவர் அந்தக் குளத்தில் ஒருநாளும் நீந்தியதில்லை. ‘ஊழியர்கள் குளத்தைப் பயன்படுத்தக் கூடாது’ என்று ஒரு பலகை அங்கே தொங்குகிறது. அந்தப் பலகையைத் துடைப்பதும் அவர் வேலைதான். குளத்தைக் கழுவுகிறவரின் உடம்பு பட்டால் குளம் அழுக்காகிவிடும் என்று நினைக்கிற மூளைக்கு எந்தக் குளோரினைப் போடுவது?

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் குளிக்கும்வரை கையில் அந்த வாசனை போகாது. பட்டப்பெயர் அப்படி வந்தது. மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் கலங்கி வரும். அப்போது வீட்டுக்கு வீடு ஒரு சின்ன டப்பாவில் குளோரின் தூள் கொடுத்து, “தொட்டிக்கு ஒரு சிட்டிகை. அதுக்கு மேல கை போகக் கூடாது” என்று கண்டிப்பாகச் சொல்வார். தெரு முழுக்க அந்தப் பாடம் மனப்பாடம்.

இப்படிப்பட்டவருக்குக் கடல் பித்து பிடித்தது பல் டாக்டரின் காத்திருப்பு அறையில். மகளுக்குக் கடைவாய்ப் பல் வலி. மகளைக் கூப்பிட்டது அக்காவின் காதில் விழவே இல்லை.

“அம்மா, டாக்டர் கூப்பிடுறாங்க. எழுந்திரு!”

“டாக்டர் இங்க இருக்காரும்மா. வந்து பாரு.”

சுவரோரம் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. அதற்குள் கடல். பவளங்கள் பூப்போல அசைந்தன. சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு ஓடிய ஒரு சின்ன இறால், வாயைப் பிளந்து நின்ற மீனின் வாய்க்குள்ளேயே புகுந்து துப்புரவு செய்துகொண்டிருந்தது.

“ஊசியும் இல்ல, ஃபீஸும் இல்ல. உன்னையும் இவருகிட்டயே காட்டிடலாமா?” என்றார் அக்கா.

வாய்விட்டுச் சிரித்தாலும் அவர் கண் தொட்டியை விட்டு நகரவில்லை. செத்துச் சுத்தமான தண்ணீரை அவர் நன்றாக அறிவார். உயிர் நெரிசலாக இருந்தும் பளிங்குபோல் நிற்கிற தண்ணீரை அன்றுதான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், “எனக்கு அந்தச் சுவர் வேணும்” என்றார்.

கணவர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவர். நல்ல மனிதர், கால்பந்துப் பைத்தியம். முன்னறையில் கதவோ ஜன்னலோ இல்லாத சுவர் ஒன்றே ஒன்று. அதில் அவருடைய டிவி.

“சுவத்த வச்சு என்ன பண்ணப்போற?”

“கடல் வைக்கப்போறேன்.”

“கடல உள்ள கொண்டுவந்துட்டா நாம எங்க படுக்கறது?”

“கரையில.”

மேல் வீட்டில் இருக்கும் நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, இந்தப் பேச்சைக் கேட்டு இறங்கி வந்தார். “ஏம்மா, இதால என்ன லாபம்? அந்த மீன வறுக்கக்கூட முடியாதாமே?” என்று கேட்டார். அந்தச் சுவரில் பல வருடமாக டிவி இருக்கிறது. அதனால் என்ன லாபம் என்று எந்த மனிதப் பிறவியும் கேட்டதில்லை. ஆண் ஆசைப்பட்டால் அது பொழுதுபோக்கு. பெண் ஆசைப்பட்டால் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். என்ன நியாயமோ!

கடைசியில் பந்தயத்தில் முடிந்தது. “கால்பந்துத் தொடர் ஆரம்பிக்கற அன்னைக்கு அந்தச் சுவத்துல மீன் நீந்தணும். இல்லேன்னா டிவி திரும்ப ஏறிடும். அப்புறம் பேச்சே கூடாது” என்றார் கணவர். “சரி” என்று கையில் அடித்தார் அக்கா. டிவி படுக்கையறையில் ஒரு முக்காலிக்குக் குடிபெயர்ந்தது.

வீடு காலி செய்துபோன ஒருவரிடமிருந்து பழைய தொட்டி கிடைத்தது. பந்தயம் கட்டிய கணவரே தடித்த பலகையில் மேடை செய்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தார். “எதிரிக்கு மேடை போட்டுக் கொடுக்கற ஒரே ஆள் நான்தான்” என்று அதற்கொரு அலுப்பு வேறு. சமையலறை ஃபில்டரிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக வாளிகளில் நிறைந்தது. அதில் கடல் உப்புக் கலவையைக் கொட்டி அக்கா கலக்கும்போது நாத்தனார் எட்டிப் பார்த்தார்.

“உப்புதானே? என் ஜாடியக் கொண்டுவரவா?”

“அது மனுஷங்களுக்கு, அண்ணி. இது வேற.”

“மீனுக்குத் தனி உப்பா? அப்போ நம்மள விட அதுக்கு ரோஷம் ஜாஸ்தின்னு சொல்லு.”

அடுத்தது கல். பவளப் பாறையிலிருந்து உடைத்து எடுத்த கல்லை மீன் தொட்டிக் கடைக்காரர் காட்டினார். அதன் துளைகளில்தான் தொட்டியின் உயிரே இருக்கிறது. எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். “எல்லாரும் வாங்கினா கடல்ல என்னங்க மிச்சம் இருக்கும்?” என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார் அக்கா. நேரே பல் டாக்டரிடம் போய்க் கூச்சமில்லாமல் கேட்டார். அவர் தன் தொட்டியிலேயே பல வருடம் ஊறிய கற்களில் நாலைந்தை ஈரத்தோடு தூக்கிக் கொடுத்தார்.

அப்புறம் காத்திருப்பு. தொட்டியில் கல்லும் தண்ணீரும் தவிர ஒன்றுமில்லை. பம்ப் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, தெரு சிரிக்கிறது. கணவர் வந்தவர்களுக்கெல்லாம் அறிமுகம் செய்து வைத்தார்: “இது நாங்க வளர்க்கற கல்லு. நல்ல சாது. கடிக்காது.”

உண்மையில் உள்ளே பெரிய வேலை நடந்துகொண்டிருந்தது. மீன் வாழ்ந்தால் கழிவு சேரும். கழிவு அம்மோனியா என்ற நஞ்சாகும். அந்த நஞ்சே மீனைக் கொன்றுவிடும். கல்லின் துளைகளில் குடியிருக்கும் ஒரு வகை நுண்ணுயிர் அந்த நஞ்சைத் தின்று வேறொரு நஞ்சாக மாற்றும். இன்னொரு வகை அதையும் தின்று, அவ்வளவாகத் தீங்கில்லாத பொருளாக்கும். இரண்டு கூட்டமும் பெருகும்வரை மீனை விடக் கூடாது; விட்டால் கொலை. அக்காவுக்கு இது உடனே பிடிபட்டது. “இவங்கல்லாம் நம்ம டிபார்ட்மென்ட். கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க, ஆனா இவங்க இல்லேன்னா நாறிடும்” என்றார்.

தினமும் கண்ணாடிக் குழாயில் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்ப்பார். பச்சை என்றால் நஞ்சு இருக்கிறது. மஞ்சள் என்றால் இல்லை. சிரித்த குடும்பம் மெல்ல மெல்ல அந்தக் குழாயைச் சுற்றிக் கூடத் தொடங்கியது. “மஞ்சள்தான்!” என்பார் நாத்தனார். “அத்தை, கண்ணாடியப் போட்டுட்டுச் சொல்லு, கிளிப்பச்சை” என்பாள் மகள். ஒருநாள் நிஜமாகவே மஞ்சள் வந்தது. மறுநாளும் மஞ்சள். தொடருக்கு இன்னும் நாள் இருந்தது. வார விடுமுறையில் மீன் வாங்கலாம் என்று முடிவாயிற்று. கடலில் பிடித்த மீன் வேண்டாம், தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த ஜோடிதான் வேண்டும் என்று அக்கா கடையில் சொல்லியும் வைத்தார்.

அந்தச் சமயம் பார்த்துக் கற்களின் மேல் பழுப்பாக ஒரு படலம் படர்ந்தது. புதுத் தொட்டியில் வருவதுதான், தானாகப் போய்விடும். அக்காவுக்கு அது தெரியும். நாத்தனாருக்குத் தெரியாது.

அன்று மாலை அக்கா வேலை முடிந்து வந்தார். குளோரின் வாசனை வந்தது. தன் கைதான் என்று நினைத்தார். வழக்கம்போல் குளித்துவிட்டு வந்தார். வாசனை அப்படியே இருந்தது. கையை முகர்ந்தார், சோப்பு வாசம். அப்போதுதான் தொட்டியின் பக்கம் திரும்பினார்.

நாத்தனார் வாசலில் முகமெல்லாம் பூரிப்பாக நின்றார். “கண்டுபிடிச்சிட்டியா? நீ களைச்சு வருவேன்னு நானே போட்டுட்டேன். பாசியெல்லாம் போயிடும் பாரு.”

“என்ன போட்டீங்க, அண்ணி?”

“நீ கொடுத்த டப்பாவுல இருந்துதான். நீ சொன்ன மாதிரியே ஒரு சிட்டிகை.”

அக்கா அலமாரிக்கு ஓடினார். குளத்துச் சோதனைப் பெட்டியை எடுத்துச் சொட்டு விட்டார். தண்ணீர் இளஞ்சிவப்பாயிற்று, குளோரின்தான். “ஏங்க, குளத்துக்கு ஓடுங்க. வாட்ச்மேன்கிட்ட ஹைப்போ கேளுங்க, குளோரின முறிக்கறது!” என்று கத்தினார். செருப்பைக்கூட மாட்டாமல் கணவர் வண்டியை உதைத்தார். அவர் கொண்டுவந்த படிகத்தைக் கரைத்து ஊற்றி மறுபடி சோதித்தபோது நிறம் வரவில்லை. ஆனால் அடுத்த நாள் அம்மோனியா பார்க்கிற மற்றக் குழாய் சொல்லிவிட்டது: கரும்பச்சை. துப்புரவுக்காரர்களில் பாதிப் பேர் செத்து, அவர்களே நஞ்சாகியிருந்தார்கள்.

நாத்தனார் அழுத அழுகைக்குத் தொட்டியில் உப்பளவு கூடியிருக்கும். “என் பாடத்த எனக்கே ஒப்பிச்சிட்டீங்க அண்ணி. சிட்டிகையோட நிறுத்தினீங்களே, நல்ல மாணவி!” என்று அக்கா அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரரோ விடவில்லை. “உப்புத் தண்ணி வீட்டுக்கு ஆகாதுன்னு அப்பவே சொன்னேனே. நேரம் சரியில்ல” என்றார். மகள் திரும்பிப் பார்த்து, “நேரம் சரியாத்தான் இருக்கு மாமா. தண்ணிதான் சரியில்ல. அத மாத்திடலாம்” என்றாள். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. கெட்ட நேரத்தை அளக்க எவரிடமும் குழாய் கிடையாது. கெட்ட தண்ணீரை அளக்க இந்த வீட்டில் இருந்தது.

தண்ணீர் மாற்றினார்கள், காத்திருந்தார்கள். பச்சை வெளுத்தது, மஞ்சளாகவில்லை. தொடர் தொடங்கும் நாள் வந்துவிட்டது.

பந்தயம் பந்தயம்தான். தண்ணீரை இறக்க அக்காவே ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டியிலும் மறுமுனையை வாளியிலும் வைத்தார். கணவரும் அவருடைய அச்சகத் தோழரும் படுக்கையறையிலிருந்து டிவியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாத்தனார் ஒரு நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு, அதில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“தோத்தது அவ இல்லடா, நான். டிவிய வைக்கணும்னா மாடியில என் வீட்டுல கொண்டுபோய் வை.”

“அக்கா, நகரு. பந்தயம்னு ஒண்ணு இருக்கில்ல?”

“நகர மாட்டேன். என்னையும் சேர்த்து மாட்டு சுவத்துல.”

கணவர் டிவியின் பாரத்தைத் தோழரின் கையில் விட்டுவிட்டு, விளக்கின் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

“ஏய்... இங்க ஏதோ இருந்துச்சு.”

“என்ன?”

“சிவப்பா, விசிறி மாதிரி. கல்லு ஓட்டையில இருந்து வந்துச்சு. நான் பார்த்ததும் சட்டுனு உள்ள போயிடுச்சு!”

அக்கா முழங்காலிட்டு அமர்ந்தார். “நிழல் விழாம நில்லுங்க. பேசாதீங்க.”

நால்வரும் மூச்சடக்கிக் காத்திருந்தார்கள். கல்லின் துளையிலிருந்து முதலில் ஒரு நூல் நுனி எட்டிப் பார்த்தது. பிறகு மெல்ல, பயந்து பயந்து, ஒரு சிவப்புச் சிறகுக் கொத்து விரிந்தது. சுண்டுவிரல் நகம் அளவு ஒரு புழு. கல்லோடு சேர்ந்து வந்து, குளோரின் வந்தபோது தன் குழாய்க் கூட்டுக்குள் சுருண்டு தப்பித்திருந்தது. பக்கத்துத் துளையில் இன்னொன்று விரிந்தது. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

“டேய், கை கழண்டுரும்போல இருக்கு. இத எங்கடா வைக்கறது?” என்றார் தோழர்.

“உள்ளயே வை” என்றார் கணவர், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பந்தயம்?” என்று கேட்டார் அக்கா.

“உயிர் வந்துடுச்சில்ல? மீன்னு நான் சொன்னது... ஒரு பேச்சுக்குச் சொன்னது. அந்த வாளிக் குழாய எடு முதல்ல, தண்ணி போகுது பாரு!”

அன்றைய ஆட்டத்தைப் படுக்கையறைக் கட்டிலில் நெருக்கியடித்துப் பார்த்தார்கள். இடைவேளையில் தண்ணீர் குடிக்க வந்த கணவர் திரும்பிப் போகவில்லை. யார் ஜெயித்தார்கள் என்று மறுநாள் அச்சகத்தில்தான் தெரிந்துகொண்டார்.

இப்போது அந்தச் சுவரில் ஒரு ஜோடி ஆரஞ்சு மீன்கள் நீந்துகின்றன. டாக்டர் கொடுத்த ஒரு துண்டுப் பவளம் வளர்ந்து மூன்று மடங்காகிவிட்டது. கேட்பவருக்கெல்லாம் அக்கா வெட்டிக் கொடுக்கிறார். சிவப்பு முதுகு இறாலும் வந்துவிட்டது. நாத்தனார் தொட்டியின் காவல் தெய்வம். வருகிறவர்களின் கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார். மாலையில் அக்கா நன்றாகக் கழுவிய கையைத் தண்ணீருக்குள் நீட்டி அசையாமல் வைத்திருப்பார். இறால் ஏறி வந்து நக இடுக்குகளைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். கூச்சம் தாங்காமல் அவர் குலுங்கிச் சிரிப்பார். ஊரையே சுத்தம் செய்கிற விரல்களுக்கும் ஒரு பணியாள் கிடைத்துவிட்டார். இங்கே மட்டும் எந்தப் பலகையும் தொங்கவில்லை.

சரி, யோசித்து முடித்துவிட்டீர்களா? விடை கிடைக்கவில்லை என்றால் வெட்கப்பட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். எழுந்து போய் அவரிடம் கேளுங்கள்: “உனக்கு என்ன வேணும்?” “எனக்கென்ன வேணும், ஒண்ணும் வேண்டாம்” என்பார், நம்பாதீர்கள், மறுபடி கேளுங்கள். அவர் சொன்னதும் இதனால் என்ன லாபம் என்று கேட்காமல், உங்கள் வீட்டின் நல்ல சுவர் ஒன்றை இன்றே காலி செய்து கொடுங்கள். ஆனால் உதவி செய்கிறேன் என்று சொல்லி, அவரைக் கேட்காமல் அதில் கை வைத்துவிடாதீர்கள்.