பனியன் போட்ட ஆம்ப்ளிஃபயர்

ரிப்பேருக்குப் போகும் வீடுகளில் எனக்குப் பாட்டு செட்டு நினைவிருக்கும், ஆட்களை மறந்துவிடுவேன். வேலம்பாளையத்து டெய்லரம்மாவை மட்டும் மறக்கவில்லை. பனியன் கம்பெனியில் தைப்பவர். கழுத்தில் எப்போதும் அளவெடுக்கும் இஞ்சி டேப். பேசிக்கொண்டே என் சட்டைக் கையில் தொங்கிய நூல் பிசிறைச் சின்னக் கத்தரியால் வெட்டிவிட்டார்.

அவர் வீட்டு ஆம்ப்ளிஃபயர் ரெண்டு பாட்டு ஓடியதும் தானாக அணைந்துவிடுமாம். பார்த்தால், பஞ்சுத்தூசி படியாமலிருக்க அதற்குக் காலர் வைத்து, கச்சிதமாக ஒரு பனியன் தைத்து மாட்டியிருந்தார்.

"சூடு வெளிய போக வழியில்லீங்க. இதைக் கழட்டிப் போட்டுருங்க."

"மாட்டனுங்க. நான் தைக்கறதெல்லாம் கப்பலேறிப் போயிருது. எங்கூட்டுக்குன்னு தச்சது இது ஒண்ணுதான்."

"செட்டு எரிஞ்சு போயிருமுங்க."

அவர் கத்தரியை எடுத்தார். கழட்டாமலேயே, செட்டின் மேல்மூடித் துளைகளுக்கு நேராகத் துணியை வெட்டினார். அங்கே வலைத்துணி வைத்துக் கையாலேயே தைத்தார்.

"அப்பவும் அணைஞ்சா?"

"இன்னும் வெட்டுவனுங்க. கழட்ட மாட்டன்."

செட்டுக்குத் துணி போர்த்துகிறவர்களை நான் இன்றும் திட்டத்தான் செய்கிறேன். அதற்கு முன்னால், தைத்தது யார் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.